பீர்க்கங்கூட்டுக்குள் ஒரு பேட்டரி

திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "மின்சார ஸ்கூட்டரில் பேட்டரியை வண்டியின் சட்டம் (ஃபிரேம்) சுமக்கிறது. அந்தச் சட்டமே பேட்டரியாக இருந்தால் என்ன, சார்?"

இருக்கலாம். மதுரை விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகள் விமானங்களைப் பாருங்கள். எரிபொருளுக்கென்று இறக்கைக்குள் தனிப் பீப்பாய் வைப்பதில்லை. இறக்கையின் உட்கூட்டையே கசியாமல் அடைத்துத் தொட்டியாக்கிவிடுகிறார்கள். பாரம் தாங்கும் உறுப்பே சேமித்தும் வைக்கிறது. மின்சாரத்துக்கு இதைச் செய்வதுதான் கட்டமைப்பு மின்கலம்.

பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் மின்பகுளி என்னும் திரவத்தின் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எதிர்மின்முனையில் (நெகட்டிவ் முனையில்) வழக்கமாக இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். விமானத்துக்கு வலுவூட்டும் இழையும் கார்பன்தான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள அந்த இழை லித்தியத்தை உள்வாங்கும், மின்சாரத்தைக் கடத்தும், இழுவிசையையும் தாங்கும்.

சிக்கல் இழைகளைப் பிணைக்கும் பிசினில் இருக்கிறது. பிசின் கெட்டியாக இருந்தால் அயனி நகராது. திரவமாக இருந்தால் அயனி ஓடும், ஆனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்காது.

இதற்குக் கிடைத்த விடையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. முதுகு தேய்க்கும் பீர்க்கங்கூட்டைப் பார்த்திருக்கிறாயா என்று அவளிடம் கேட்டேன். கொடியிலேயே முற்றிக் காய்ந்த கூடு அது. அதில் எந்த நாரைப் பிடித்தாலும் அறுபடாமல் மறுகோடி வரை போகலாம். எந்த ஓட்டையில் எண்ணெய் விட்டாலும் அதுவும் மறுகோடி வரை இறங்கும். நாருக்கும் தொடர்ச்சி, வெற்றிடத்துக்கும் தொடர்ச்சி! இதே அமைப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்டாக்குகிறார்கள். பிசினுக்கான மூலப்பொருளையும் மின்பகுளியையும் ஒரே கரைசலாகக் கலந்து, இழைகளுக்கு இடையே செலுத்திச் சூடேற்றுகிறார்கள். மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போது பிசினுக்கும் திரவத்துக்கும் ஒத்துப்போவதில்லை. பால் திரிவதைப்போல இரண்டும் பிரிகின்றன. முழுதாகப் பிரிந்து ஒதுங்குவதற்குள் பிசின் இறுகிவிடுகிறது. கூடு பாரத்தைத் தாங்க, அதன் துளைகளில் தேங்கிய திரவத்தில் அயனிகள் ஓடுகின்றன. கூட்டை யாரும் செதுக்கவில்லை, அது தானே அமைந்துகொள்கிறது.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2021-ல் இப்படிச் செய்த மின்கலம் கிலோவுக்கு 24 வாட்-மணி சேமித்தது. 2024-ல் அது 30 ஆனது. விறைப்பும் அலுமினியத்தை எட்டியது. நல்ல லித்தியம் மின்கலம் 200-க்கு மேல் சேமிக்கும். ஆனால் அது எந்தப் பாரத்தையும் தாங்காது. அதைத்தான் நாம் சுமக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-ல் அதற்கு அடிக்கல் விழுந்தது. வியாபாரத்தில் சம்பாதித்தவர் ஆய்வகத்துக்கு அள்ளிக் கொடுத்த ஊர் இது. பேட்டரியில் பணம் பார்க்கும் இன்றைய நிறுவனங்களும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவி உட்காரவில்லை. "பேட்டரி தேய்ந்துபோனால் சட்டத்தையும் சேர்த்தா மாற்ற வேண்டும்?" ஆம், கழற்ற முடியாத உறுப்பில் வைத்தால் அதுதான் கதி. அதனால், ஸ்கூட்டர் சட்டத்துக்கு முன்னால், நான்கு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் மடிக்கணினி மூடியில்தான் இதை நாம் முதலில் பார்ப்போம் என்று அவளிடம் சொன்னேன்.