தமாஷ்: தமிழில் எப்படிச் சொல்வது?

'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்' என்கிறோமே, அந்தத் தமாஷுக்கும் சிரிப்புக்கும் பிறவியில் சம்பந்தமே கிடையாது. அதன் பிறவி உறவு காலோடுதான்.

அரபியில் 'மஷா' என்றால் நடந்தான். அந்த வேரிலிருந்து, பலர் சேர்ந்து உலாவுவதைக் குறிக்க ஒரு சொல் வந்தது. பாரசீகம் அதை வாங்கித் 'தமாஷா' ஆக்கிக்கொண்டது. காலாற உலாவுகிறவர் கண்ணை மூடிக்கொண்டா போவார்? கடைத்தெருவையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டே போவார். அப்படியே நடை தேய்ந்து, பார்வை மட்டும் மிஞ்சியது. ஈரானில் இன்றைக்கும் டிவி பார்ப்பது 'தமாஷா'தான், சோகப் படமே ஓடினாலும்.

இந்தியாவில் அது பார்க்கப்படும் காட்சிக்கும் பெயரானது. மராட்டியத்தில் லாவணிப் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் கூத்தே தமாஷாதான். இந்தியில் 'தமாஷா பண்ணாதே' என்றால் ஊரைக் கூட்டாதே என்று அர்த்தம். உருது வழியாகத் தமிழுக்கு வந்த பிறகு நகைச்சுவை முன்னுக்கு வந்துவிட்டது. மலையாளத்துத் 'தமாச'யும் அப்படித்தான். கடல் தாண்டிய கிளை வேறு மாதிரி. மலாயில் 'தெமாஸ்யா' என்றால் விழா. இந்தோனேசியாவில் 'தமாஸ்யா' என்றால் உல்லாசப் பயணம். பழைய நடை அங்கே மட்டும் பிழைத்துக்கொண்டது!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பலரும் கைகாட்டுவது 'வேடிக்கை'. எனக்கும் அதுதான் பிடிக்கும். காரணம், தமாஷா நாடு நாடாக அலைந்து சேர்த்த பொருள்களில் பாதியை இந்தச் சொல் உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருக்கிறது. ஜேசிபி பள்ளம் தோண்டும் இடத்தில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு நிற்பது வேடிக்கை பார்ப்பது. திருவிழாவில் வாணவேடிக்கை. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் வேடிக்கையான மனிதர். அப்புறம், தமாஷிடம் இல்லாத ஒன்றும் இதில் உண்டு. 'இதென்ன வேடிக்கை!' என்று புருவம் உயர்த்தும்போது அது வியப்பு. தெலுங்கில் இதற்கு நெருக்கமான 'வேடுக' என்ற சொல் மகிழ்ச்சியையும் கொண்டாட்டத்தையும் குறிக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போடக்கூடாது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை வேடிக்கை பார்க்கிறது. அதைத் தமாஷ் என்று யாரும் சொல்வதில்லை. 'தமாஷுக்குச் சொன்னேன்' என்பதற்கு 'விளையாட்டுக்குச் சொன்னேன்' இன்னும் இயல்பு. யாழ்ப்பாணத்தில் அதைப் 'பகிடி' என்பார்கள். அங்கே பல்கலைக்கழகங்களில் நடக்கும் ராகிங்குக்குப் 'பகிடிவதை' என்று பெயர். ராகிங் என்பதைவிட இது பொருத்தம், வதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இந்தோனேசியரின் தமாஸ்யாவுக்கு நம்மிடம் உள்ள சொல் சுற்றுலா. அதற்குள்ளும் ஓர் உலா இருக்கிறது.