தொட்டியில் பாக்டீரியாவைக் கொட்டிவிட்டு வராதீர்கள்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஓர் அண்ணன் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அடியில் மை போலக் கறுப்பு வண்டல். "பார்த்தீர்களா, தம்பி? பாக்டீரியா உலோகத்தையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது!" முகத்தில் அப்படியொரு பெருமை. ஆழ்துளைக் கிணற்று நீர் நிறைந்த ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில், ஈயம் போன்ற உலோகங்களை நீக்கும் என்று நம்பி இணையத்தில் வாங்கிய பாக்டீரியாப் பொடியையும் அதற்குத் தீனியாக வெல்லப்பாகையும் கொட்டி, மூன்று வாரம் மூடி வைத்திருக்கிறார். இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது தொட்டி.

தின்று தீர்ப்பதாவது! எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா உண்டு. எண்ணெய் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடும். ஈயம் தனிமம், அண்ணே. பாக்டீரியா விழுங்கினாலும் ஈயம், கழித்தாலும் ஈயம், செத்து மிதந்தாலும் ஈயம். கரைந்திருந்ததைக் கரையாததாக்கி அடியில் உட்காரவைக்கும், அவ்வளவுதான். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இரும்புச் சல்ஃபைடு. காற்றுப் பட்டால் மறுபடி கரையத் தொடங்கும்.

முறை பொய்யில்லை. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் சாக்கடைக் கசடைத் தீனியாகப் போட்டு இதே வகை பாக்டீரியாவை வளர்த்து, ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் க்ரூட்ஃப்ளே தங்கச் சுரங்க நீரில் செய்து காட்டினார்கள். ஆனால் அது ஆலை. அங்கே அளந்து பார்க்க ஆள் உண்டு, கசடைப் பிரிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் தொட்டியில் குழாயைத் திறந்தால் கசடு நேரே குவளைக்கு வரும்.

கிளம்பும்போது, "தொட்டியைத் தேய்த்துக் கழுவ மகனை உள்ளே இறக்கப் போகிறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் சுருண்டு விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். யாரும் இறங்காதீர்கள், தலையைக்கூட நுழைக்காதீர்கள். உரிய கருவியோடு வருபவரை அழையுங்கள்.

கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்காதீர்கள்; தண்ணீர் வற்றும், உலோகம் வற்றாது. தெளிவாக இருப்பதை வைத்தும் நம்பிவிடாதீர்கள்: குடிநீரில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், எந்த நாக்குக்கும் அது தெரியாது. முதலில் சோதித்துப் பாருங்கள். முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்கும் சோற்றுக்கும் நகராட்சிக் குழாய்த் தண்ணீரே போதும், தயவுசெய்து.

வண்டலைச் செடிக்கு ஊற்றலாமா என்றும் கேட்டார். கூடாது என்றேன். ஒரு வாளி ஏற்கெனவே கறிவேப்பிலை மரத்தடிக்குப் போய்விட்டதாம். மண்ணைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த மரத்தில் ஓர் இலை பறிக்கக் கூடாது.