பாத்ரூம் ஷெல்ஃப் ஓரத்தில்தான் கெடுகிறது

"பாத்ரூமில் மாட்டின ஷெல்ஃப் உப்பிப்போச்சு, வந்து பாருங்க" என்று யாராவது கூப்பிட்டால், போனதும் பலகையின் அடி ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பேன். மேல்பக்கம் மைக்கா புதுசுபோலப் பளபளக்கும். அடி ஓரம் மட்டும் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உதிரும். ரெடிமேடாக வரும் மலிவு ஷெல்ஃப்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது பார்ட்டிகிள் போர்டு, இல்லையென்றால் எம்.டி.எஃப். மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திய சரக்கு. ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால், எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

சரி, பிளைவுட் வாங்கலாம் என்று போனால், கடைக்காரர் எல்லாவற்றையும் 'வாட்டர்ப்ரூஃப்' என்பார். அதைக் காதில் வாங்காமல், பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 எம்.ஆர். என்றிருந்தால் அது ஈரம் படாத அறைக்கானது. ஐ.எஸ். 710 என்றால் மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்குள்ள சோதனை. அந்தக் கொதிநீர்ச் சோதனை பசைக்குத்தான். அறுத்த ஓரத்தில் தெரிகிற மரம் எப்போதும்போலத் தண்ணீரை உறிஞ்சும். மரைன் பிளைக்குக் காசு கொடுத்துவிட்டு ஓரத்தை அப்படியே விடுவது வீண் செலவு.

4-க்கு 6 அடி பாத்ரூமுக்கு நான் சொல்வது ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டங்களை இடைவெளி விட்டுக் கோர்த்த ஷெல்ஃப்தான். வெள்ளை (மரத்தின் வெளிப்பக்க வெளிர் பகுதி) இல்லாத, வைரம் பாய்ந்த தேக்கு ரீப்பர் மூன்று போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனம், 18 இஞ்ச் நீளம். நடுவில் கால் இஞ்ச் சந்து விட்டால் மொத்த ஆழம் 5 இஞ்ச் வரும். ஷாம்பு பாட்டில் நிற்கும், குளிக்கும்போது முழங்கை இடிக்காது, விழுகிற தண்ணீர் சந்து வழியே இறங்கிவிடும். கதவு, நிலை செய்த பட்டறையில் மிச்சத் துண்டு கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் செலவு குறையும்.

இனிதான் பலரும் அவசரப்படுகிற இடம். அறுத்து, துளை போட்டு, உப்புத்தாளால் விளிம்பை மழுங்கத் தேய்த்த பிறகு, கோர்ப்பதற்கு முன்னாலேயே பூச்சு அடிக்க வேண்டும். கோர்த்தபின் அடித்தால் இணைப்புக்குள்ளும் துளைக்குள்ளும் பிரஷ் போகாது. முதலில் ரீப்பரின் இரண்டு நுனிகள். மரம் நின்றபோது வேரிலிருந்து தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷைத் தின்னர் விட்டு இளக்கி நுனியில் தடவினால் உடனே உள்ளே போய்விடும். இழுப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள். பிறகு மற்ற பக்கங்களுக்கு மூன்று கோட்டிங். சுவரைப் பார்க்கிற பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிடாதீர்கள், அங்கேதான் ஈரம் கடைசியாகக் காயும். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கால் இஞ்ச் சந்தும் விடுங்கள். ஆணி, இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், ஈரத் தேக்கில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை இறங்கும். ஸ்க்ரூவும் எல் ஆங்கிளும் 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும்.

சுவரில் துளை போடுமுன் குழாய் எங்கே ஓடுகிறது என்று யோசியுங்கள். டேப், ஷவர், கீசர் பாயின்ட் இவற்றுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் டிரில் வைக்க வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கும் அதே விதி. டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல் பிட்டால், டிரில்லில் ஹேமர் (இடிக்கும்) மோடு போடாமல் மெதுவாக ஆரம்பியுங்கள். டைல் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறலாம். ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குப்பி) டைலைத் தாண்டி முழுசாகச் சுவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். டைலுக்குள்ளேயே நின்றுவிட்டால், ஸ்க்ரூ முறுக்கும்போது பிளக் விரிந்து டைல் விரிசல் விடும். ஸ்க்ரூ போடுமுன் துளையில் கொஞ்சம் சிலிகான் அடைத்துவிடுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

ஆசிட் பாட்டிலையும் டாய்லெட் கிளீனரையும் இதில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் என்பது ஒன்று. மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டில் பக்கத்தில் இருந்தால், அந்த ஆவியிலேயே எஸ்.எஸ். ஸ்க்ரூகூடப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.