எக்கினேசியா: முள்ளெலிப்பூ

சளி, இருமலுக்கான மூலிகை மாத்திரைப் பெட்டிகளில் 'எக்கினேசியா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளில் தானாக வளரும் பூச்செடி இது, சூரியகாந்திக் குடும்பம்.

கிரேக்கத்தில் 'எக்கினோஸ்' என்றால் முள்ளெலி. பூவின் நடுவில் விரலை வைத்தால் பெயர்க் காரணம் தெரிந்துவிடும். ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் குமிழாக எழும்பும் பகுதியில் குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் துணையாக விறைப்பான செதில் ஒன்று, நுனி மட்டும் ஆரஞ்சு நிறம். நன்றாகவே குத்தும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதை ருட்பெக்கியா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். 1794-இல் ஜெர்மன் தாவரவியலாளர் மோன்ஷ் தனியாகப் பிரித்து இந்தப் பெயரைச் சூட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரான ஒமாஹா மக்களோ காய்ந்த பூத்தலையால் தலை வாரியதால் 'சீப்புச் செடி' என்றார்கள்.

சரி, தமிழில்? 'கோன்ஃபிளவர்' (coneflower) என்ற ஆங்கிலப் பெயரைப் பின்பற்றிக் 'கூம்புப்பூ' எனலாம். ஆனால் ஆங்கிலத்தில் ருட்பெக்கியாவுக்கும் அதே பெயர் உண்டு, குழப்பம்தான். என் ஓட்டு 'முள்ளெலிப்பூ'வுக்கு. தென்னிந்திய வறண்ட நிலத்து முள்ளெலியின் அறிவியல் பெயரான 'பாராஎக்கினஸ்' என்பதிலும் இதே கிரேக்கச் சொல்தான் இருக்கிறது. மருந்தைக் குறிக்க மட்டும் எக்கினேசியா என்றே எழுதலாம். சீட்டிலும் பெட்டியிலும் அதுதானே இருக்கிறது.

இதில் பல வகைகள். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் பல்வலிக்கு மென்றது பெரும்பாலும் குறுகிய இலை வகையின் வேர். மென்றால் நாக்கு மரத்துப்போகும். தோட்டங்களில் அதிகம் இருப்பது ஊதா வகை. 1930-களில் ஜெர்மனியின் மடாவுஸ் மருந்து நிறுவனம் குறுகிய இலை வகைக்கு விதை கேட்க, வந்து சேர்ந்ததோ ஊதா வகை. ஐரோப்பிய மருந்துகளில் ஊதா வகை இவ்வளவு புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். சளிக்குக் கேட்குமா என்றால், ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

வளர்க்க நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். ஊதா வகை விதை சுலபமாக முளைக்கும். குறுகிய இலை வகைக்குக் குளிர் வேண்டும்: ஈரமணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வைத்து விதையுங்கள். அதன் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அப்புறம், காய்ந்த தலைகளை வெட்டிவிடாதீர்கள். வட அமெரிக்காவில் பொன்நிறச் சிட்டுகள் விதை கொத்த வரும்.