காய் என்ற பெயரில் கிழங்கு

"சோத்தக் கொறச்சிட்டேன் ஆத்தா, காய்தான் நெறயா திங்கிறேன். அப்பவும் சர்க்கரை எறங்கலையே" என்றார் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர். என்ன காய் என்று கேட்டேன். உருளைக்கிழங்குப் பிரட்டல், சேனை வறுவல், வாழைக்காய், மறுபடியும் உருளை.

உணவு ஆலோசகராக நான் இங்கே அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சோறு குறைந்த இடத்தில் கிழங்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. உருளையில் 17 முதல் 20 கிராம். சேனையும் வாழைக்காயும் உருளைக்குச் சளைத்தவை அல்ல. சௌசௌ, காலிஃபிளவர் இரண்டிலும் 5 கிராம் அளவுதான். வெண்பூசணியில் அதைவிடக் குறைவு.

பிரட்டலை விடச் சொன்னால் செட்டிநாட்டில் யார் கேட்பார்கள்? விடவும் வேண்டாம், காயை மட்டும் மாற்றினால் போதும். சோம்பு, வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சௌசௌவில் ஒரே தொல்லை, நீர் விடும். சின்னச் சதுரமாக நறுக்கி, இரும்புச் சட்டியில் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல், மூடாமல் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் கூட்டாகிவிடும். ஓரம் சிவந்த பிறகு மசாலாப் பொடி. முள்ளங்கியும் இப்படி நன்றாக வரும், வாசனை பிடித்தவர்களுக்கு.

சோற்றுக்குப் பதில் காலிஃபிளவர் துருவல் மட்டும் சாப்பிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நான் அதைச் சொல்வதில்லை. நாலு நாள்கூடத் தாங்காது. சோற்றைப் பாதியாக்கி, பீன்ஸோ கோஸோ அவரையோ துவட்டலாக, அதாவது பொரியலாக, அதைவிடக் கூடுதலாக வையுங்கள். துவட்டலில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். கறுப்புக் கவுனி அரிசி உடம்புக்கு நல்லதுதானே என்பார்கள். சரி, நார்ச்சத்து உண்டு, ஆனாலும் அரிசிதான். அதை இனிப்பாகச் செய்யும்போது நாம் போடும் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் எந்தக் காய் எவ்வளவு என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

ஆச்சி இப்போது வாரத்தில் ஆறு நாள் சௌசௌ, கோஸ், புடலை என்று ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை உருளைதான். அன்றைக்குச் சோறு ஒரே கரண்டி என்று பேசி வைத்திருக்கிறோம்.