எட்டு மணி நேரம் எங்கே போனது?

எட்டு மணி நேரப் பேச்சு நிற்காமல் பதிவான, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் ஒரு வேவ் (WAV) கோப்பைத் திறந்தேன். நீளம் 1 மணி 14 நிமிடம் என்று காட்டியது. பகீரென்றது. ஆனால் கோப்பின் அளவோ 508 கோடி பைட். அப்படியென்றால் பேச்சு முழுக்க உள்ளேதான் இருக்கிறது.

வேவ் கோப்பின் தொடக்கத்தில் ஹெடர் என்றொரு சின்னப் பகுதி உண்டு. உள்ளே எத்தனை பைட் ஒலி இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட்தான். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சத்துக்கு மேல் அதில் எழுத முடியாது. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்), ஒவ்வொன்றுக்கும் 2 பைட், இடம் வலம் என்று இரண்டு தடங்கள். ஆக, நொடிக்கு 1,76,400 பைட். 6 மணி 45 நிமிடத்தில் இடம் நிரம்பிவிடும். அதற்கு மேலும் பதிவு ஓடினால், பழைய வண்டி மீட்டர் 99999-ஐத் தாண்டிச் சுழியத்துக்கு வருவது மாதிரி எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். நான் பார்த்த 1 மணி 14 நிமிடம், வரம்பைத் தாண்டி வழிந்த மிச்சம்.

ஹெடரைப் பொருட்படுத்தாமல் வெறும் தரவாகப் படிக்கச் சொன்னால், ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டி முழுப் பதிவையும் திறந்துவிடுகிறது. இந்தத் தொல்லைக்காகவே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 64 பிட் எண் கொண்ட ஆர்எஃப்64 வடிவத்தை வகுத்தது. நீளமான பதிவு என்று முன்பே தெரிந்தால் அதில் பதிவது நல்லது.

சரி, இனி இந்த நீளப் பதிவைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வேவை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், இரு தட மாதிரிகளும் சேர்ந்த 4 பைட்டை நடுவில் பிளக்காத வரை. ஒரு பைட் தள்ளி வெட்டினாலும் அப்புறம் கேட்பது வெறும் இரைச்சல்தான். மென்பொருள் இதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒலியைச் சுருக்கி வைக்கும் எம்பி3 வேறு ரகம். அதில் ஒலி, 1,152 மாதிரிகள் கொண்ட ஃப்ரேம்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு ஃப்ரேம் சுமார் 26 மில்லிநொடி. வெட்டு அந்த எல்லையில்தான் விழ முடியும். இதில் ஒரு குறும்பும் உண்டு. எளிமையான ஃப்ரேமில் இடம் மிஞ்சினால், அடுத்து வரும் சிக்கலான ஃப்ரேமின் தரவில் கொஞ்சத்தை அங்கேயே வைத்துவிடுவார்கள். இடையில் வெட்டினால் புதுத் துண்டின் முதல் ஃப்ரேமுக்கு வேண்டியது பழைய துண்டிலேயே தங்கிவிடும். தொடக்கத்தில் நொடியின் சிறு பகுதி ஒலி போய்விடும். பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள், இசையில் உறுத்தும்.

அதைவிடப் பெரிய தவறு, எம்பி3-ஐத் திறந்து வெட்டி, மறுபடி எம்பி3-ஆகவே சேமிப்பது. சுருக்கியதையே திரும்பச் சுருக்கும்போது ஒலி இன்னும் தேய்கிறது. எஃப்எஃப்எம்பெக் நிரலில் தரவை அப்படியே நகலெடுத்து வெட்டும் வழி இருக்கிறது. தேய்மானம் இல்லை, வேலையும் மளமளவென்று முடியும்.

எங்கே வெட்டுவது? மௌனத்தில். இத்தனை டெசிபெலுக்குக் கீழே, இத்தனை நொடி இருந்தால் மௌனம் என்று மென்பொருளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். அரை நொடி என்றேன். பேச்சாளர் மூச்சு வாங்கிய இடமெல்லாம் துண்டானது. இரண்டு நொடி என்றேன். மின்விசிறி இரைச்சலில் ஒரு மௌனமும் சிக்கவில்லை. டெசிபெல் வரம்பை அந்த இரைச்சலுக்குச் சற்று மேலே ஏற்றிய பிறகுதான் இடைவெளிகள் பிடிபட்டன.

வேவாகவே துண்டு போட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை எம்பி3 ஆக்கினேன். ஒற்றைத் தடம், நொடிக்கு 64 கிலோபிட். 508 கோடி பைட், 23 கோடியானது.