ரோஸ்டர்: பட்டியலா, அணிநிரலா?

கூடைப்பந்துப் பருவம் முடிந்து கோப்பை யாருக்கு என்பது தெரிந்த மறுநாளே அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் ஒரு சொல் பெருகத் தொடங்கும். அது ரோஸ்டர். இந்த அணி தன் ரோஸ்டரை எப்படி வலுப்படுத்தப்போகிறது, அந்த அணியின் ரோஸ்டரில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே பேச்சாக இருக்கும். தமிழில் எழுதும்போது நாம் இதை ‘வீரர் பட்டியல்’ என்றோ ‘ஆட்டக்காரர் பட்டியல்’ என்றோ மாற்றிக்கொண்டு கடந்துவிடுகிறோம். அதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டியலை நீட்டலாம், சுருக்கலாம், திருத்தலாம், தொலைத்தும்விடலாம், வலுப்படுத்த முடியாது. ‘பட்டியலை வலுப்படுத்தினார்கள்’ என்று படிக்கையில் காதில் ஏதோ இடறுகிறதே, அந்த இடறல்தான் இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்க்கத் தூண்டியது.

ரோஸ்டர் டச்சு மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் முதற்பொருள், இறைச்சியை நெருப்பின்மேல் வைத்து வாட்டுவதற்கான இரும்புக் கம்பிச் சட்டம். வாட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்தே அந்தப் பெயர் பிறந்தது. ஆங்கிலத்தில் நாம் அறிந்த ‘ரோஸ்ட்’ அதற்கு உறவுச் சொல். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தாள் அந்தக் கம்பிச் சட்டத்தைப் போலத் தோன்றியதால் கட்டம் போட்ட அட்டவணைக்கும் அதே பெயர் ஏறியது. டச்சுக்காரர்கள் இன்றும் பள்ளிக்கூடப் பாடவேளை அட்டவணையை இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். ஆங்கிலம் இதை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படைத்துறை வழியாக எடுத்துக்கொண்டது. எந்த அதிகாரிக்கு, எந்தப் படைப்பிரிவுக்கு எப்போது பணிமுறை வருகிறது என்று காட்டிய தாளே ஆங்கிலத்தின் முதல் ரோஸ்டர். (ஆங்கிலத்தில் சேவலுக்குரிய சொல்லும் இந்த டச்சுச் சொல்லும் எழுத்தில் அச்சாக ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டின் பிறப்பும் வேறு. சேவலை இங்கே இழுக்க வேண்டியதில்லை.)

ஆகவே ரோஸ்டரின் உயிர் பெயர்களில் இல்லை, கட்டங்களில் இருக்கிறது. வெறும் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அது கண்ணில் படாது. அடுத்த பெயர் மேலேறிக்கொள்ளும். கட்டம் போட்ட தாளில் ஒரு பெயர் இல்லையென்றால் அங்கே வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடத்தைக் கண்டு நிரப்புவதற்குத்தான் வலுப்படுத்துதல் என்று பெயர்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணி ஒன்றின் ரோஸ்டரை விதிப்படி பார்த்தால் இது தெளிவாகும். பருவத்தின்போது ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் 15 பேர் வரை வைத்திருக்கலாம். இவர்களோடு, முதன்மை அணிக்கும் துணை லீக் அணிக்கும் இடையே சென்றுவரும் இருவழி ஒப்பந்தக்காரர்கள் 3 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குவதற்கு முன் இந்த எண்ணிக்கை 21 வரை போகலாம். இவை மேலோட்டமான எண்கள். உள்ளே இன்னொரு கணக்கு ஓடுகிறது. ஓர் ஆட்டம் 48 நிமிடம்; களத்தில் ஒரு நேரத்தில் 5 பேர்; எனவே ஒவ்வோர் ஆட்டத்திலும் பயிற்சியாளரின் கையில் இருப்பது 240 ஆள்நிமிடங்கள். பந்தை முன்னெடுத்து நடத்துபவர் முதல் வளையத்தின் அடியில் நிற்கும் நெட்டையர் வரை ஐந்து இடங்களை நெடுக்காக எழுதி, முதலில் இறங்குபவர், அவருக்கு மாற்று, மாற்றுக்கும் மாற்று என்று குறுக்காகப் பிரித்தால் பதினைந்து கட்டங்கள் கிடைக்கும். பதினைந்து பேரும் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்தும், அவர்களில் ஒன்பது பேர் ஒரே கட்டத்தில் போய் நின்றால் அந்த அணி தோற்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘அணி’ என்ற சொல்லை நாம் இன்று பெரும்பாலும் குழு என்ற பொருளிலேயே புழங்குகிறோம். அதன் பழைய பொருள்களில் அழகும் அணிகலனும் ஒரு பக்கம் என்றால், வரிசையும் படை வகுப்பும் இன்னொரு பக்கம். முன்னணி, பின்னணி, அணிவகுப்பு, அணியணியாக வந்தார்கள் என்பனவற்றில் எல்லாம் அந்த வரிசைப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் ஒரு படி மேலே போய், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் அமைப்புக்கே அணி என்று பெயரிட்டன. அதில் குறுக்கே செல்வது நிரை, நெடுக்கே செல்வது நிரல். டச்சுக்காரர்கள் கம்பிச் சட்டத்தில் கண்ட அதே வடிவத்தைத் தமிழ் தன் போக்கில் அணி என்ற சொல்லில் வைத்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் இத்தகைய பொருத்தம் கலைச்சொல் தேடுபவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

‘நிரல்’ என்பதும் கவனிக்கத்தக்கது. நிகழ்ச்சி நிரல் என்பதில் அது முறைப்படி அமைந்த வரிசை. இலக்கணத்தில் நிரல்நிறை என்று ஒரு பொருள்கோள் உண்டு: பெயர்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்கு உரியவற்றை அடுத்த வரிசையாகவும் நிறுத்திவிட்டு, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று கொள்ளும் முறை. ‘கண்ணும் காலும் பார்க்கும், ஓடும்’ என்றால் கண் பார்க்கும், கால் ஓடும் என்பதே பொருள். மாற்றிக் கூட்டினால் கெட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் என்ற இந்தக் கருத்துதான் ரோஸ்டரின் சாரமும். எனவே விளையாட்டு அணியின் ரோஸ்டரை ‘அணிநிரல்’ எனலாம் என்பது என் துணிபு. கணினிக்குரிய நிரலோடு இது குழம்புமே என்று கேட்கலாம். முன்னால் அணி என்ற சொல் நிற்கும்வரை குழம்பாது.

ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரையுள்ள காலத்தைக் குறிக்கும் ஆஃப் சீசன் என்ற சொல்லுக்கும் ஒரு வேடிக்கையான பிறப்பு உண்டு. சீசன் என்பதன் இலத்தீன் மூலம் விதைத்தலைக் குறிப்பது. விதைக்கும் காலமே பின்னர் பருவம் என்று பொதுப்பொருள் பெற்றது. அந்தக் கணக்கில் ஆஃப் சீசன் என்றால் விதைக்காத காலம். கூடைப்பந்திலோ விதைப்பெல்லாம் அப்போதுதான் நடக்கிறது; ஆட்டம் நடக்கும் பருவம் அறுவடைக்கு உரியது. ‘ஓய்வுக்காலம்’ என்று எழுதினால் ஆட்டக்காரருக்குப் பொருந்தலாம், அணியின் பொது மேலாளருக்குச் சற்றும் பொருந்தாது. ‘இடைப்பருவம்’ என்பதே இரண்டு பக்கமும் ஒத்துவரும் சொல்.

இடைப்பருவத்தில் அணிநிரலின் காலிக் கட்டத்துக்கு ஆள் வருவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. மூன்றின் ஆங்கிலப் பெயர்களுமே தமிழில் பெயர்ப்போரைக் குப்புறத் தள்ளக்கூடியவை. முதலாவது டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. இதை ‘வரைவு’ என்று பெயர்த்த செய்தியைப் படித்துவிட்டு, எந்தச் சட்டத்தின் வரைவு என்று ஒரு கணம் தேடியிருக்கிறேன். டிராஃப்ட் என்பது இழுத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. கோடு இழுத்தால் வரைபடம், ஆளை இழுத்தால் படைச்சேர்ப்பு. வியப்பு என்னவென்றால், பழந்தமிழில் வரைதல் என்பதற்கும் எழுதுதலோடு உரியதாக்கிக்கொள்ளுதல், மணந்துகொள்ளுதல் என்ற பொருள்கள் உண்டு. அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம்தான். ஆக அந்தப் பெயர்ப்பு சங்க காலத்தில் ஓரளவு செல்லுபடியாகியிருக்கும். இன்றைய வாசகருக்குப் ‘புதுமுகத் தேர்வு’ என்பதே போதும். என்.பி.ஏ.யின் புதுமுகத் தேர்வு 1989 முதல் இரண்டே சுற்றுகளாக நடக்கிறது.

இரண்டாவது ஃப்ரீ ஏஜென்ட். ‘சுதந்திர முகவர்’ என்ற பெயர்ப்பு முழுக்கத் தவறு. ஏஜென்ட் என்பதன் அடிப்பொருள் செய்பவர், வினையாற்றுபவர். தன் செயலைத் தானே தீர்மானிப்பவர் என்பதே இங்கே கருத்து. அந்த ஆட்டக்காரருக்கென்று பேரம் பேச உண்மையிலேயே ஒரு முகவர் தனியாக இருப்பார் என்பதால் குழப்பம் இரட்டிக்கிறது. ஒப்பந்தம் முடிந்து கட்டு நீங்கியவரைக் ‘கட்டற்ற ஆட்டக்காரர்’ எனலாம். இந்தக் கட்டு எளிதில் அவிழ்ந்ததன்று. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. பழைய அணியின் தடை ஏதுமின்றி வேறு அணிக்குச் செல்லும் உரிமை 1988இல்தான் வந்தது. அவ்வாறு முதலில் சென்றவர் டாம் சேம்பர்ஸ். சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போனார்.

மூன்றாவது டிரேட். இதில் வணிகம், வர்த்தகம் என்ற சொற்கள் ஒட்டாது. ‘கைமாற்று’ என்றால் திருப்பித் தரவேண்டிய சில்லறைக் கடன் நினைவுக்கு வரும். பண்டமாற்று என்ற பழஞ்சொல்லின் அச்சில் ‘ஆள்மாற்று’ என்று வார்த்துக்கொள்ளலாம். ஆளைப் பண்டம்போல் நடத்துவதைச் சொல் காட்டிக்கொடுக்கிறதே என்றால், நடப்பதும் அதுதானே.

மூன்று வாயில்களும் ஒரே கோடையில் ஒருங்கே திறந்ததற்கு 2007ஆம் ஆண்டின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியே நல்ல சான்று. 2006-07 பருவத்தில் 82 ஆட்டங்களில் 24ஐ மட்டுமே வென்றிருந்த அந்த அணிக்குப் புதுமுகத் தேர்வில் ஐந்தாவது இடம்தான் குலுக்கலில் விழுந்தது. அந்த ஐந்தாம் தேர்வுரிமையோடு இருவரைச் சேர்த்துக் கொடுத்து, தொலைவிலிருந்து எறிவதில் வல்லவரான ரே ஆலனைச் சியாட்டிலிடமிருந்து பெற்றார் அணி நிர்வாகி டேனி எய்ஞ்ச். ஜூலை இறுதியில், ஐந்து ஆட்டக்காரர்களையும் இரண்டு முதல்சுற்றுத் தேர்வுரிமைகளையும் மின்னசோட்டாவுக்கு அனுப்பிவிட்டுக் கெவின் கார்னெட் என்ற ஒருவரை வாங்கினார். பட்டியலாகப் பார்த்தால் ஐந்து பெயர் போய் ஒரு பெயர் வந்திருக்கிறது, நட்டம். நிரலாகப் பார்த்தால், உள்தடுப்பு (வளையத்தருகே தடுத்தாடுதல்) என்ற காலிக் கட்டம் நிரம்பியதோடு, அணியின் முதன்மை ஆட்டக்காரர் பால் பியர்ஸ் தனியாகச் சுமந்த பாரம் மூன்று தோள்களுக்குப் பிரிந்தது. அந்த ஆள்மாற்றால் விளிம்பில் திறந்த கட்டங்களுக்கு ஜேம்ஸ் போசி, எடி ஹவுஸ் போன்ற கட்டற்ற ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அடுத்த பருவத்தில் பாஸ்டன் 66 ஆட்டங்களை வென்றது; 2008 ஜூனில் லேக்கர்ஸ் அணியை ஆறு ஆட்டங்களில் வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது.

எல்லா அணிக்கும் கார்னெட் கிடைக்கமாட்டார். 2024 கோடையில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் செய்தது சிறிய வேலை. ஆனால் நிரல் என்ற சொல்லை அதைவிட நன்றாக விளக்குவது வேறில்லை. 57 ஆட்டங்களை வென்றிருந்த அணி அது. கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளில் இரண்டாவதில் டாலஸிடம் தோற்றபோது, தண்டரின் ஜாஷ் கிடியை எதிரணி கண்டுகொள்ளாமல் விட்டு, அவரைத் தடுக்கவேண்டிய ஆளை வளையத்தருகே நிறுத்திக்கொண்டது. திரும்பிவரும் பந்தைப் பற்றுவதிலும் தண்டர் மெலிந்திருந்தது. கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, தடுப்பாட்டத்துக்குப் பெயர்பெற்ற அலெக்ஸ் கரூசோவை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கினார்கள். ஏழடி உயர ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்றாண்டுகளுக்கு 8.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். இரண்டு கட்டம், இரண்டு ஆள். அடுத்த ஆண்டு டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஏறத்தாழ ஏழடி உயரமும் மலைபோன்ற உடலும் கொண்ட நிகோலா யோகிச்சை ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ள கரூசோ ஒட்டி நின்று, பந்து அவர் கைக்கு வரும் வழியையே மறித்துக்கொண்டிருந்தார். தண்டர் அந்த ஆட்டத்தை 125-93 என்று வென்றது; அந்த ஆண்டின் கோப்பையும் அவர்களுக்கே.

கட்டங்களை எவ்வளவு செலவிலும் நிரப்பிக்கொள்ளலாம் என்றில்லை. சாலரி கேப் என்பதற்குத் தமிழில் ‘ஊதிய உச்சவரம்பு’ என்று தயங்காமல் எழுதலாம். நில உச்சவரம்பு என்று புழங்கிப் பழகிய சொல் அது. 1984-85 பருவத்தில் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலராக இருந்த வரம்பு 2025-26இல் 15.46 கோடி டாலருக்கு மேல் வந்துவிட்டது. இந்த வரம்பைச் சில விலக்குகளின் வழியாகத் தாண்டலாம். ஆனால் தாண்டியபின், லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2023 உடன்படிக்கையின்படி இரண்டு கோடுகள் நிற்கின்றன. அவற்றை ஏப்ரன் என்கிறார்கள். அந்தச் சொல்லே பிழையில் பிறந்தது: இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘நேப்ரன்’, முன்னால் நின்ற ‘ஒரு’ என்னும் பொருள்படும் சொல் அதன் முதலெழுத்தை விழுங்கிவிட்டது. இடுப்பில் கட்டும் துணியின் பெயரைத் தமிழாக்குவதில் பயனில்லை. ‘முதல் மிகைவரம்பு’, ‘இரண்டாம் மிகைவரம்பு’ என்றால் வேலை முடிந்தது. இரண்டாவதைத் தாண்டிய அணி, இரண்டு ஆட்டக்காரர்களின் ஊதியத்தை ஒன்றாகக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. 2007இல் பாஸ்டன் ஐவரைக் கூட்டி ஒருவரை வாங்கியதை இன்று அந்தக் கோட்டுக்கு மேலிருந்து செய்ய முடியாது. 2024இல் கோப்பை வென்ற அதே பாஸ்டன் 2025 கோடையில் ஜூரு ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியதற்குக் காரணமும் அந்தக் கோடுதான். அது வலுப்படுத்தல் அன்று. ‘நிரல் குறைப்பு’ என்று சொல்லலாம்.

வழக்கில் ஒரு வேறுபாட்டைக் காப்பது நல்லது. மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் தொங்கும் ரோஸ்டர் யாருக்கு எப்போது வேலை என்று காட்டுவதால் அதற்குப் ‘பணிமுறைப் பட்டியல்’ பொருத்தம். ஓர் ஆட்டத்துக்கு முன் பெயர்களை மட்டும் வாசித்தால் அது ‘ஆட்டக்காரர் பட்டியல்’. அதில் கட்டம் இல்லை. ஓர் அணியிடம் யார் யார், எந்தெந்த இடத்துக்கு, எவ்வளவு ஊதியத்தில், எத்தனை ஆண்டுக்கு இருக்கிறார்கள் என்ற முழுத் தாளும் பேச்சுக்கு வரும்போது மட்டும் அணிநிரல் என்று எழுதுங்கள். ‘வலுப்படுத்தினார்கள்’ என்ற வினை அதற்குப் பின்னால் இடறாமல் வந்து நிற்கும்.